குதிரைப்பல் பதித்த கல்

ஹேடோர் பாறையின் தெற்கு முகத்தில், நெஞ்சு உயரத்தில், ஒரு வெள்ளைப் படிகம் துருத்திக்கொண்டு நிற்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். அளவெடுத்து இழைத்த சின்னஞ்சிறு பலகை மாதிரி நான்கு ஓரமும் நேர். சுற்றியிருந்த கல் மழையில் தேய்ந்து பின்வாங்கிவிட, இது மட்டும் ஒரு நூல் அளவு வெளியே நிற்கிறது. விரலை வைத்தால் தட்டுப்படும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நன்றாகத் தட்டுப்படும். இப்படிப்பட்ட படிகங்கள் நிறைந்த கல்லுக்குக் குதிரைப்பல் கிரானைட் என்றே ஒரு பெயர் உண்டு.

நான் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டு நின்ற நேரத்துக்குள் இருபது முப்பது பேர் என்னைத் தாண்டி உச்சிக்கு ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கியும் விட்டார்கள். உச்சியிலிருந்து பார்க்க நிறையவே இருக்கிறது. ஆனாலும் ஹேடோரின் அழகு விரல்நுனி அளவில்தான் தொடங்குகிறது என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. அந்த அளவில் அதைப் பிடித்துக்கொண்டால், சுற்றுவட்டாரத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் எந்தக் கோபுரத்தைப் பார்த்தாலும் அதே பல் தெரியும்.

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்ற மேட்டு நிலம் 954 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. 1951-இலிருந்து அது தேசியப் பூங்கா. மூர் என்றால் மரம் அதிகம் இல்லாத, காற்றுக்குத் திறந்த, புல்லும் பெரணியும் ஹெதர் புதரும் மூடிய உயர்நிலம். அந்த நிலத்தின் முதுகில் அங்கங்கே கிரானைட் பாறைக் குவியல்கள் நிற்கின்றன. அவற்றை டோர் என்கிறார்கள். கிழக்கு விளிம்பில், கடல்மட்டத்துக்கு 457 மீட்டர் உயரத்தில் நிற்பது ஹேடோர். பழைய ஆவணங்களில் இந்தப் பெயருக்கு முன்னால் 'ஹ' ஒலியே இல்லை. ஐடோர், இட்டோர் என்றெல்லாம்தான் எழுதியிருக்கிறார்கள்.

போவி டிரேசி என்ற சிற்றூரிலிருந்து ஏறி வரும் சாலை பாறையின் அடிவாரத்தை ஒட்டியே போகிறது. வண்டியை நிறுத்திவிட்டுப் புல்லில் நடந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. மே மாதத்தில் அந்தக் கால்மணி நேரத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் கட்டாயம் ஒருமுறை நின்றுவிடுவார். காரணம், கோர்ஸ் என்ற முட்புதர். உடம்பெல்லாம் முள், முள்ளெல்லாம் மஞ்சள் பூ. வெயில் பட்டதும் அந்தப் பூவிலிருந்து தேங்காய் வாசனை வரும். துருவிய தேங்காயை வாணலியில் லேசாகப் புரட்டும்போது வருமே, அதே வாசனை. தென்னையே இல்லாத குளிர்நாட்டு மேட்டில் அது மூக்கில் ஏறும்போது மனசு ஒரு நொடி இடம் தெரியாமல் தடுமாறிவிடுகிறது. தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் வானம்பாடி ஒன்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்தது. மூரில் மேயும் மட்டக்குதிரைகள் குட்டிகளோடு சாலையோரம் நின்றன.

பாறைக்குத் திரும்புவோம். தமிழில் கருங்கல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் கல்லில் கருமை மிகக் குறைவு. நெருங்கிப் பார்த்தால் தரை சாம்பல் நிறம், அதில் வெள்ளைப் பற்கள், இடையிடையே கரும்புள்ளிகள். வெள்ளை ஃபெல்ட்ஸ்பார். சாம்பல் நிறத்தில் உடைந்த கண்ணாடி போல மினுங்குவது குவார்ட்ஸ். கறுப்பில் செதில் செதிலாகப் பிரிவது அப்பிரகம். ஊசி ஊசியாக இருந்தால் டூர்மலின். சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக மேலெழுந்து, மேலே வர வழியின்றி உள்ளேயே தங்கி, மெல்ல மெல்ல ஆறியது இது. படிகத்தின் அளவில்தான் அந்த நிதானம் எழுதப்பட்டிருக்கிறது. குழம்பு சீக்கிரம் ஆறிவிட்டால் படிகங்கள் பொடிப்பொடியாக நின்றுவிடும். பொறுத்து ஆறினால் வளர இடமும் நேரமும் கிடைக்கும். முதலில் உருவெடுத்த ஃபெல்ட்ஸ்பார் குழம்புக்குள் தன்னிஷ்டத்துக்கு நீண்டு நேர் ஓரம் கட்டிக்கொண்டது. கடைசியில் வந்த குவார்ட்ஸ் மிச்சமிருந்த இடுக்குகளில் கிடைத்த வடிவத்தை ஏற்றுக்கொண்டது. பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் கைகாலை நீட்டிக்கொள்வதும், கடைசியில் வந்தவர் ஒண்டிக்கொள்வதும் போலத்தான். உள்ளங்கை அகலக் கல்லில் யார் முன்னே வந்தார், யார் பின்னே வந்தார் என்ற வரிசையைப் படித்துவிடலாம்.

பத்தடி பின்னால் போய்ப் பார்த்தால் வேறொரு நயம். பாறை முழுக்கக் கிடைமட்டமாகக் கோடுகள் ஓடுகின்றன. தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல. படிவுப் பாறையோ என்று ஏமாந்துபோவோம். உண்மையில் இவை சுமை இறங்கியதன் தழும்புகள். மேலே அழுத்திக்கொண்டிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை காலப்போக்கில் அரித்துப் போக, பாரம் குறைந்த கிரானைட் நெட்டுயிர்த்து, தரைக்கு இணையாக விரிசல் கண்டது. ஆறும்போதே விழுந்திருந்த செங்குத்து விரிசல்கள் வேறு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடமெல்லாம் நீர் இறங்கியது. விரிசல் நெருக்கமாக இருந்த பகுதி நைந்து மணலாயிற்று. விரிசல் விலகியிருந்த பகுதி தாக்குப்பிடித்தது. பனிக்காலங்களில் நைந்ததெல்லாம் சரிவில் வழிந்து போக, தாக்குப்பிடித்தது மட்டும் டோராக மிஞ்சியது. உடைந்து உருண்ட பாறைகள் சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு உள்ளூரில் கிளிட்டர் என்று பெயர். இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கல் உருண்டு மோதி நிற்கும் ஓசை அதிலேயே இருக்கிறது.

ஹேடோரில் இரண்டு பெரும் பாறைகள், நடுவே ஒரு புல்வெளித் தெரு. முன்பு அந்தத் தெருவிலும் பாறைதான் இருந்தது. நெருங்கிய விரிசல்களால் அது போய்விட்டது. மேற்குப் பாறையின் தாழ்ந்த முகத்துக்கு லோ மேன் என்று பெயர். கயிறு கட்டி ஏறுகிறவர்களுக்கு அது பழைய பள்ளிக்கூடம். ஒரு பெண் ஏறுவதைக் கீழே நின்று பார்த்தேன். அவர் விரல்கள் தேடிப் பிடித்தவற்றில் சில, நான் தடவிக்கொண்டு நின்ற அதே பற்கள்.

கிழக்குப் பாறையில் உச்சிவரை படி வெட்டியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்ளேயே வெட்டியாகிவிட்டது. 1851-இல் வந்த ஒரு வழிகாட்டி நூல், உடல் வளையாதவர்களும் உச்சியைத் தொடுவதற்காகப் பாறையைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பொருளில் கடிந்துகொண்டது. அன்று அதை எழுதியவரின் கோபத்துக்கு நியாயம் இருந்திருக்கும். இன்று அந்தப் படிகளின் நடுவில் காலடிகள் தேய்த்த குழிவைப் பார்க்கும்போது என்னால் கோபப்பட முடியவில்லை. மழையும் பனியும் செய்ததைப் பாதங்களும் தம் பங்குக்குச் செய்திருக்கின்றன. குழிவின் அடியில்கூட வெள்ளைப் பல் தெரிகிறது. வெளியே துருத்தாமல், படியோடு படியாக, மெருகேறி.

மூரில் பல டோர்களின் தலையில் வட்டமான கிண்ணங்கள் உண்டு. ஹேடோர் உச்சியிலும் அப்படிக் குழிந்த இடங்களில் மழைநீர் நின்றது. பலிநீர் பிடிக்கப் பழங்காலப் பூசாரிகள் குடைந்த கிண்ணங்கள் இவை என்று 18-ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர்கள் நம்பினார்கள். குடைந்தது நீரேதான். ஒரு சின்னப் பள்ளத்தில் தேங்கி, உறைந்து, உருகி, படிகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, காற்று அந்த மணலை ஊதித் தள்ள, பள்ளம் கிண்ணமாகிறது. உதிர்ந்த படிகங்கள் அடியில் தெளிந்து கிடந்தன. அதே நீரில் வானமும் கிடந்தது. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் டெய்ன் ஆற்றின் கழிமுகமும் அதற்கப்பால் கடலும். இந்தக் காட்சியை நான் நீட்டவில்லை. ஏறுகிற எவருக்கும் அது தானாகவே கிடைக்கும்.

தேடிப் போக வேண்டியது வடக்குச் சரிவில் இருக்கிறது. பத்து நிமிடம் நடந்தால் வேலியில் ஒரு சிறு கதவு. திறந்து உள்ளே போனால் காற்று சட்டென்று நின்றுவிடுகிறது. அது ஹேடோர் கல்குவாரி. நாற்புறமும் வெட்டிய சுவர்கள், நடுவே அசையாத குளம், குளத்தில் அல்லி இலைகள், நீருக்குமேல் தும்பிகள். கல் தூக்கிய கைச்சக்கரப் பொறி ஒன்று துருப்பிடித்து, தன் மரக்கைகளோடு பாதி நீரில் கிடக்கிறது. இங்கே வெட்டிய கல் உச்சிப் பாறையைவிட நுண்ணியது. பற்கள் குறைவு, நிறம் நீலம் கலந்த சாம்பல். அதனால்தான் கட்டடக்காரர்கள் இதைத் தேடி வந்தார்கள். 

சுவரோரத்தில் கைவிட்ட கற்களின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கையகல இடைவெளியில் பாதித் துளைகள் வரிசையாக நிற்கும். மூங்கிலை நெடுக்கே பிளந்தால் தெரியும் குழல் போல. துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடுகளைச் செருகி, அவற்றின் நடுவே ஆப்பை வைத்து, வரிசையாக ஒவ்வோர் அடி அடித்துக்கொண்டே போவார்கள். மறுபடி முதல் ஆப்பிலிருந்து. அவசரப்பட்டு ஒன்றையே ஓங்கி அடித்தால் கல் கோணிப் பிளக்கும். ஆப்பு இறுக இறுக இரும்பின் சுருதி ஏறும். காது கேட்டுத்தான் கை நிற்கும். பிறகு கல் தானாகவே நேர்கோட்டில் விட்டுக்கொடுக்கும். நம் ஊர்க் கல்லுடைப்பவர்களும் ஆப்பு வரிசையால்தான் பாறையைப் பிளந்தார்கள். அந்தத் துளை வரிசையைப் பார்த்ததும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கல் ஏதோ ஒரு குறையால் ஒதுக்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்டது. அதனால் அந்த வேலையை நாம் இன்றும் பார்க்கிறோம்.

குவாரியை விட்டு வெளியே வந்ததும் தரையில் இரண்டு கோடுகள் புல்லுக்குள் நீண்டு போகின்றன. ஹேடோரில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். தண்டவாளம். ஆனால் இரும்பில்லை, கிரானைட்.

1820 செப்டம்பர் 16-ஆம் தேதி திறக்கப்பட்ட டிராம் பாதை இது. ஜார்ஜ் டெம்ப்ளர் என்பவர் போட்டது. நான்கடியிலிருந்து எட்டடி வரை நீளமுள்ள கற்களை முனையோடு முனை வைத்து, ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டியிருக்கிறார்கள். தாழ்ந்த பகுதியில் சக்கரம் ஓடும். உயர்ந்த விளிம்பு சக்கரத்தை விலகாமல் தாங்கும். ரயில் சக்கரத்துக்கு விளிம்பு சக்கரத்திலேயே இருக்கும்; இங்கே விளிம்பு கல்லில். இரண்டு வரிசைக்கும் நடுவே ஏறத்தாழ 1.3 மீட்டர். அதற்குள் குதிரைகள் நடந்தன. கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தம் பாரத்தாலேயே இறங்கும். தடைக்கட்டை பிடிப்பவர்தான் வேகத்துக்குப் பொறுப்பு. வெற்று வண்டிகளை மேலே இழுக்க, பன்னிரண்டு வண்டிகளுக்குப் பதினெட்டுக் குதிரைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினார்கள். பாதை சுமார் பதினாறு கிலோமீட்டர் தள்ளி ஸ்டோவர் கால்வாயில் முடிந்தது. அங்கிருந்து படகில் டெய்ன்மத் துறைமுகம், பின் கப்பலில் லண்டன்.

குனிந்து பார்த்தால் சக்கரத் தடத்தில் மெருகு தெரிகிறது. உளி கொத்திய சொரசொரப்பு விளிம்பில் அப்படியே இருக்க, உருண்ட இடம் மட்டும் வழவழப்பு. வளைவில் கற்கள் குட்டையாகின்றன. வளைவைச் செதுக்காமல், நேர் கற்களையே சிறிது சிறிதாகத் திருப்பி வளைத்திருக்கிறார்கள். கோலம் போடுகிறவர்கள் புள்ளியைச் சுற்றிக் கையைத் திருப்புவது போன்ற நிதானம் அதில் இருக்கிறது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரே கல்லில் இரண்டு தடங்கள் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் திசைதிருப்பும் கட்டை சுழல்வதற்கான சின்னத் துளை. இரும்பு விலை அதிகம், கல் காலடியில் கிடந்தது. அதனால் கல்லையே போட்டார்கள். அந்தச் சிக்கனத்தால்தான் பாதை பிழைத்தது என்று நினைக்கிறேன். இரும்பாக இருந்தால் என்றைக்கோ பெயர்த்து எடைக்குப் போட்டிருப்பார்கள்.

டெம்ப்ளர் குடும்பத்தின் கதையில் நம் பக்கத்துக்கு ஒரு நூல் ஓடுகிறது. ஜார்ஜின் தாத்தா ஜேம்ஸ், எக்ஸிட்டரில் ஆதரவற்ற சிறுவனாக வளர்ந்து, தொழில் பழகப் போன இடத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிப் பொருள் சேர்த்துத் திரும்பியவர். ஸ்டோவர் பண்ணையை வாங்கியவர் அவர். அவர் மகன் இன்னொரு ஜேம்ஸ், அடிவாரத்தில் தோண்டிய களிமண்ணை அனுப்ப 1792-இல் கால்வாயை முடித்தார். பேரன் மலைவரை கல்பாதை போட்டார். கல் அற்புதமாகப் போயிற்று: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கட்டுமானத்துக்கு, 1831-இல் திறந்த லண்டன் பாலத்துக்கு. ஆனால் பேரன் கையில் செல்வம் தங்கவில்லை. 1829-இல் பண்ணை, கால்வாய், பாதை எல்லாம் சாமர்செட் பிரபுவின் கைக்குப் போயின. கடலோரத்தில் வெட்டிய கார்ன்வால் கல் மலிவாகக் கிடைக்க, 1858 வாக்கில் குவாரி ஓய்ந்தது. 1919-இல் எக்ஸிட்டர் போர் நினைவுச்சின்னத்துக்காகக் கடைசியாகக் கொஞ்சம் வெட்டினார்கள். லண்டன் பாலமோ 1968-இல் விலைபோய், முகப்புக் கற்களுக்கு எண் போட்டுப் பிரித்து, அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் 1971-இல் மறுபடி நின்றது. அந்தப் பாலத்துக்குக் கல் கொடுத்த இடங்களில் ஹேடோரும் ஒன்று. மூரின் மழையில் பிறந்த கல்லின் ஒரு பகுதி இப்போது மழை அரிதான ஊரில் வெயில் காய்கிறது.

அக்கம்பக்கம் பார்க்க இரண்டு நாள் வேண்டும். ஒரு நாள்தான் இருந்தால் ஹவுண்ட் டோரை விடாதீர்கள். பெக்கா ஓடைப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறினால், ஹவுண்ட் டோர் பாறைகளுக்குக் கீழே கைவிடப்பட்ட இடைக்கால ஊர் ஒன்று முழங்கால் உயரச் சுவர்களாகக் கிடக்கிறது. 14-ஆம் நூற்றாண்டோடு அங்கே குடியிருப்பு ஓய்ந்தது. நீள்வீடுகள். ஒரே கூரை, ஒரே வாசல். வாசலிலிருந்து மேல்பக்கம் மனிதர், கீழ்ப்பக்கம் மாடு. மாட்டுப் பக்கத்தில் கழிவு ஓட ஒரு கால்வாய், சரிவைப் பார்த்துத் தரையில் வெட்டியது. குளிர் இரவில் மாட்டின் உடற்சூடு வீட்டுக்குள் பரவியிருக்கும். பக்கத்தில் தானியம் உலர்த்தும் அடுப்பறைகள். மழை ஓயாத மேட்டில் கதிர் தானாகக் காயாது. அடுப்பு மேடைக் கல்லில் கை வைத்தேன். அதே வெள்ளைப் பல். 

ஹேடோரிலிருந்து மேற்கே சாலையோரம் எம்ஸ்வொர்தியில், பழைய பண்ணையின் சிவப்புத் தகரக் கூரைக் கொட்டகையைச் சுற்றி மே மாதத்தில் நீலமணிப் பூக்கள் திறந்தவெளியிலேயே பூத்து நிற்கின்றன. நிழலை விரும்பும் பூ அது. இடிந்த கற்சுவர்களின் ஓரத்தில் வெயிலில் நின்றதால்தானோ என்னவோ, நீலம் இன்னும் ஆழமாகத் தெரிந்தது.

வைட்கம் ஊரின் புனித பாங்கிராஸ் தேவாலயத்தை மூரின் பேராலயம் என்பார்கள். கிரானைட் கோபுரம் சுமார் 37 மீட்டர். 1638 அக்டோபர் 21, ஞாயிறு வழிபாட்டின் நடுவே இடி விழுந்து தீக்கோளம் உள்ளே புகுந்து நான்கு பேர் இறந்தார்கள், அறுபது பேர் வரை காயப்பட்டார்கள். அந்தச் சம்பவத்தைப் பாட்டாக எழுதிய பலகைகள் உள்ளே தொங்குகின்றன. நான் அங்கே அதிக நேரம் செலவிட்டது கழுத்தை அண்ணாந்துதான். மரக்கூரையின் முடிச்சுக்குமிழ் ஒன்றில் மூன்று முயல்கள் வட்டமாகத் துரத்திக்கொண்டு ஓடுகின்றன. முயலுக்கு இரண்டு காது; ஆக ஆறு வேண்டும். செதுக்கியிருப்பது மூன்றே. நடுவில் முக்கோணமாகக் கூடும் அந்த மூன்று காதுகளில் எந்த முயலைப் பார்த்தாலும் அதற்கு இரண்டு காது சரியாக இருக்கிறது. தாராசுரத்தில் ஒரே தலைக்குள் யானையும் காளையும் மாறி மாறித் தெரியும் சிற்பத்தைக் கண்டவருக்கு இந்த விளையாட்டு புரியும். இதே மூன்று முயல்கள் சீனாவின் துன்ஹுவாங் குகைக் கூரைகளிலும் ஓடுகின்றன.

இன்னொரு சின்ன ஊர் பக்லண்ட். அதன் தேவாலயக் கோபுரக் கடிகாரத்தில் எண்கள் இல்லை. 'மை டியர் மதர்' என்ற ஆங்கிலச் சொற்களுக்குப் பன்னிரண்டு எழுத்துகள், அவையே மணிகள். தாயின் நினைவாக வில்லியம் விட்லி என்ற நிலக்கிழார் வைத்தது. பக்கத்துக் குன்றின் மேல் 1928-இல் பத்துக் கட்டளைகளைக் கல்லில் வெட்டச் செய்தவரும் அவரே. கடிகாரத்தில் முள் எங்கே நின்றாலும் அம்மாவின் ஏதோ ஓர் எழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான் பார்த்தபோது ஐந்தேகால்.

இருட்டுவதற்கு முன் டிராம் பாதைக்கு மறுபடி ஒருமுறை போனேன். மாலையில் மழை தூறி நின்றிருந்தது. பாதை பிரியும் அந்தக் கல்லின் இரண்டு தடங்களிலும் விரல்கனத்துக்கு நீர் நின்றது. ஆட்டுக்குட்டி ஒன்று வந்து, முதலில் இடத் தடத்தில் கொஞ்சம், பிறகு வலத் தடத்தில் கொஞ்சம் என்று நக்கிக் குடித்துவிட்டுத் தாயைத் தேடிப் போயிற்று. அது குடித்த இடத்தில் நீர் குறைந்து, ஈரக் கல்லில் வெள்ளைப் படிகம் ஒன்று மெல்ல வெளியே தெரிந்தது.